மழை எழுப்பும் படை

மார்ச்சில் கண்ணில் படாத ஆப்பிரிக்க நத்தை ஜூனில் தோட்டத்தை மொட்டையடிக்கிறது. பெங்களூர் அதைக் கவனிப்பது காலம் கடந்த பிறகுதான்.

மாஞ்சாரல் கொட்டித் தீர்த்த ஓர் இரவு. பெங்களூரின் பழைய குடியிருப்பு ஏதாவது ஒன்றில், கொஞ்சம் மண்ணும் நாலு செடியும் மிச்சமிருக்கும் வீட்டின் பின்பக்கம். டார்ச் அடித்துப் பார்த்தால் மதில் சுவரில் ஒன்று, வாளி விளிம்பில் ஒன்று, பப்பாளிக் கன்றின் குருத்தில் மூன்று, சாமந்திப் பாத்தியில் எண்ண முடியாதபடி. உள்ளங்கை நீளத்துக்குக் கூம்பு போன்ற ஓடு, அதில் பழுப்பு வரிகள். காலையில் எழுந்து பார்க்கும்போது செடிகள் வெறும் காம்பாக நிற்கின்றன. சிமெண்ட் தரையில் வெள்ளிக் கோடுகள் காய்ந்து பளபளக்கின்றன. நத்தைகளைத்தான் காணோம்.

வீட்டுக்காரர் கேட்கும் முதல் கேள்வி எல்லா வீட்டிலும் ஒன்றுதான். ஒரே ராத்திரியில் இத்தனை எங்கிருந்து வந்தன?

எங்கிருந்தும் வரவில்லை. அவை அங்கேயேதான் இருந்தன. டிசம்பரில் மழை நின்று மண் காயத் தொடங்கியதும் ஒவ்வொன்றும் பூந்தொட்டியின் அடியிலோ, அடுக்கிவைத்த செங்கல்லின் இடுக்கிலோ, எருக்குழியின் ஓரத்திலோ ஒதுங்கிவிட்டது. உடம்பை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டு, வாசலைச் சுண்ணாம்பு கலந்த மெல்லிய சவ்வால் அடைத்துவிட்டது. சாப்பாடு இல்லை, நடமாட்டம் இல்லை, மூச்சுகூட மிகக் கொஞ்சம். இப்படிப் பல மாதங்கள் அதனால் கிடக்க முடியும். மண் நனைந்ததும் சவ்வைத் தள்ளிக்கொண்டு வெளியே வருகிறது. நாலைந்து மாதப் பசி. வீட்டுக்காரர் பார்த்தது படையெடுப்பை அல்ல, படை தூங்கி எழுந்ததை.

கன்னடத்தில் நத்தைக்கு பசவன ஹுளு என்று பெயர். பசவன் என்றால் காளை. தலையில் நீட்டிக்கொண்டிருக்கும் உணர்கொம்புகளைப் பார்த்து வைத்த பெயர். நந்திக்குக் கோயிலும், அந்தக் கோயிலின் பெயரால் பசவனகுடி என்று ஒரு பேட்டையும் வைத்திருக்கும் ஊரில் மரியாதையான பெயர்தான். ஆனால் தோட்டத்தை மொட்டையடிக்கும் இந்தப் பசவன் உள்ளூர்க்காரன் அல்ல.

இதன் பூர்வீகம் கிழக்கு ஆப்பிரிக்கா. விஞ்ஞானிகள் அகாட்டினா ஃபுலிகா என்று அழைக்கும் ராட்சத ஆப்பிரிக்க நத்தை. மடகாஸ்கர், மொரீஷியஸ் என்று தீவு தீவாகத் தாவியது. 1847ல் டபிள்யூ.எச். பென்சன் என்பவர் மொரீஷியஸிலிருந்து சிலவற்றைக் கல்கத்தாவுக்குக் கொண்டுவந்தார். கம்பெனி உத்தியோகம், பொழுதுபோக்குக்கு நத்தை ஆராய்ச்சி. அவர் கொண்டுவந்தவை சௌரங்கியில் ஒரு தோட்டத்தில் விடப்பட்டன. இந்தியாவில் இந்த நத்தையின் வரலாறு அங்கே தொடங்குகிறது. 1900ல் இலங்கைக்கும் போய்ச் சேர்ந்தது. உலகின் மிக மோசமான 100 அந்நிய ஆக்கிரமிப்பு உயிரினங்கள் என்று சர்வதேச இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் போட்ட பட்டியலில் அதற்கு ஓர் இடம் உண்டு.

ஒரு நத்தை சௌரங்கியிலிருந்து பெங்களூர் வரை ஊர்ந்து வந்திருக்க முடியாது. அதற்கு அவசியமும் இல்லை. நர்சரித் தொட்டியின் மண்ணில் நாலைந்து முட்டை, வாழைக்கன்றின் அடியில் ஒரு குட்டி, செங்கல் லாரியில் தூங்கும் ஒரு கிழம். மனிதர்கள் எடுத்துச் செல்லும் வேகமே நத்தையின் வேகம்.

முட்டைக் கணக்குதான் திகைக்க வைக்கிறது. ஒவ்வொரு நத்தையும் ஆணாகவும் பெண்ணாகவும் இருக்கிறது. இரண்டு சேர்ந்தால் இரண்டுமே முட்டையிடலாம். ஒரு தடவைக்கு 100 முதல் 400 வரை. ஜவ்வரிசியைவிடச் சற்றுப் பெரிய, மஞ்சள் கலந்த வெள்ளை முட்டைகள். ஆண்டுக்குப் பல தடவை. பிறந்து சுமார் ஆறு மாதத்தில் குட்டியும் முட்டையிடத் தயார். ஒருமுறை சேர்ந்தபோது கிடைத்த விந்தைப் பல மாதங்கள் உடம்புக்குள் பத்திரப்படுத்திவைக்கும் திறமையும் உண்டு. ஆகவே ஏற்கெனவே இணைசேர்ந்த ஒரே ஒரு நத்தை வந்து சேர்ந்தாலும் போதும், ஒரு தெருவுக்கான விதை விழுந்தாயிற்று. நத்தை வயிற்றிலும் முத்துப் பிறக்கும் என்று பழமொழி சொன்னவர்கள் இந்த முத்துக்களைப் பார்த்திருக்க மாட்டார்கள்.

1966ல் அமெரிக்காவின் மயாமி நகரத்துச் சிறுவன் ஒருவன் ஹவாயிலிருந்து திரும்பும்போது மூன்று நத்தைகளைக் கொண்டுவந்தான். பாட்டி அவற்றைத் தோட்டத்தில் விட்டுவிட்டார். ஏழு ஆண்டுகளில் 18,000க்கும் அதிகமான நத்தைகள். ஒழித்து முடிப்பதற்குள் ஃபுளோரிடா அரசுக்குப் பத்து லட்சம் டாலர் கரைந்தது. 1975ல் நிம்மதிப் பெருமூச்சு விட்டார்கள். 2011ல் மீண்டும் மயாமியில் நத்தை. இந்த முறை மோப்ப நாய்களை வைத்துத் தேடி, 1,68,000க்கும் மேல் பொறுக்கி, 2021ல் வெற்றி என்று அறிவித்தார்கள். அடுத்த ஆண்டே ஃபுளோரிடாவின் இன்னொரு மாவட்டத்தில் நத்தை தலைகாட்டியது. பணமும் ஆளும் நாயும் இருக்கும் இடத்தில் இந்தக் கதி.

பெங்களூர் அதற்கு ஏறக்குறைய அளவெடுத்துத் தைத்த சட்டை. கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரம். கோடையிலும் இரவு குளிர்ந்துவிடும். மழை ஒரே மூச்சில் பெய்து ஓய்வதில்லை. மே மாதத்தில் ஒரு உச்சம், செப்டம்பர் அக்டோபரில் இன்னொரு உச்சம். மழை இல்லாத மாதங்களிலும் தோட்ட நகரத்துக்காரர்கள் தவறாமல் ரப்பர் குழாயோடு செடிக்குத் தண்ணீர் விடுகிறார்கள். ஓடு வளர்க்கச் சுண்ணாம்பு வேண்டும். அதற்கு வெள்ளையடித்த மதில் இருக்கிறது. சுவரில் ஒட்டிக்கிடக்கும் நத்தை ஈரத்துக்காக ஏறியதாகத்தான் பலர் நினைக்கிறார்கள். பல சமயம் அது சுவரைச் சுரண்டித் தின்றுகொண்டிருக்கும்.

இது வெறும் அனுமானம் அல்ல. பெங்களூரில் இயங்கும் சூழலியல் ஆராய்ச்சி நிறுவனமான ஏட்ரீயைச் சேர்ந்த ரோஷ்மி ரேகா சர்மா, மதுஸ்ரீ முன்சி, என்.ஏ. அரவிந்த் ஆகியோர் 2015ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். நத்தை இருக்கும் இடங்களின் வெப்பத்தையும் மழையையும் வைத்து, நாட்டில் வேறு எங்கெல்லாம் அது காலூன்றும் என்று கம்ப்யூட்டரில் கணித்தார்கள். கிழக்கு இந்தியா, தீபகற்பம், அந்தமான் நிகோபார் எல்லாம் ஆபத்துப் பகுதி. வெயிலும் வறட்சியும் அதிகமான மத்திய இந்தியா ஓரளவு தப்பிக்கிறது. பருவநிலை மாறினாலும் வரைபடம் பெரிதாக மாறவில்லை. ஆனால் ஏற்கெனவே நத்தை புகுந்துவிட்ட சில பகுதிகளில் தொல்லை இன்னும் கூடும் என்கிறது கணிப்பு. பீகாரின் சில பகுதிகள், குஜராத், அசாம். அந்தப் பட்டியலில் தென் கர்நாடகமும் இருக்கிறது.

தென் கர்நாடகம் என்றால் பெங்களூர் வீட்டுத் தோட்டங்கள் மட்டுமல்ல. சுற்றிலும் பட்டு வளர்க்கும் கிராமங்கள் இருக்கின்றன. மல்பெரி இலையை நம்பிப் பட்டுப்புழு, பட்டுப்புழுவை நம்பிக் குடும்பம். நத்தைக்கும் மல்பெரி பிடிக்கும். இலையைத் தின்பதோடு போவதில்லை. தின்னாமல் விட்ட இலையிலும் கோழையும் கழிவும். பப்பாளி, வாழை, முட்டைக்கோஸ், பீன்ஸ், வெற்றிலை என்று இந்தியாவில் அது கை வைக்கும் செடிவகைகள் ஐம்பதுக்கு மேல். ஹெசரகட்டாவில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தில் பூச்சியியல் விஞ்ஞானிகள் இந்த நத்தையைப் பற்றி மண்டையை உடைத்துக்கொள்ள இதுவே காரணம்.

ஆனால் இந்த நத்தையின் நிஜமான புதிர் அது என்ன தின்கிறது என்பதில் இல்லை. எண்ணிக்கை ஏறி இறங்கும் விதத்தில் இருக்கிறது.

எங்கும் அது சீராகப் பரவுவதில்லை. ஒரு தெருவில் வாளி வாளியாக அள்ளுகிறார்கள், அடுத்த தெருவில் ஒன்றுகூட இல்லை. ஓர் ஆண்டு ஊரே கூச்சல் போடுகிறது. அடுத்த இரண்டு ஆண்டு சத்தமில்லை. அமெரிக்க விலங்கியல் அறிஞர் ஆல்பர்ட் மீட் இந்த நத்தையைப் பற்றி 1961ல் ஒரு முழுப் புத்தகமே எழுதினார். அவரும் அவருக்குப் பின் வந்தவர்களும் பல தீவுகளில் ஒரே நாடகத்தைப் பார்த்தார்கள். புதிதாக வந்த இடத்தில் நத்தை தறிகெட்டுப் பெருகும். பிறகு சில ஆண்டுகள் ஒரே அளவில் நிற்கும். பிறகு, யாரும் பெரிதாக எதுவும் செய்யாமலே சரியும். பெரிய ஓடுகள் காணாமல் போய் சின்ன நத்தைகளே மிஞ்சும். ஏன்? நோய்க்கிருமி என்று மீட் சந்தேகப்பட்டார். நத்தைகளின் தோலில் நிறம் வெளுத்த புண்களை அவர் கண்டிருந்தார். தீனிப் பற்றாக்குறை, நெரிசல் என்று வேறு விளக்கங்களும் உண்டு. ஒரே முடிவான பதில் இல்லை.

இந்த விசித்திரம் தரை நத்தைக்கு மட்டும் சொந்தம் அல்ல. கடலில் ட்ருப்பெல்லா என்று ஒரு நத்தை இருக்கிறது. கட்டைவிரல் நுனி அளவுதான். பவளத்திட்டுகளில் கிளைக்குள் பகலெல்லாம் கும்பலாக ஒளிந்திருந்து, இரவில் பவளத்தின் உயிருள்ள மேல்தோலைச் சுரண்டித் தின்கிறது. தின்ற இடம் எலும்பு வெள்ளையாகத் தெரியும். சாதாரணமாக அங்கொன்றும் இங்கொன்றுமாக இருக்கும் இந்த ஜந்து, 1980களில் மேற்கு ஆஸ்திரேலியாவின் நிங்கலூ பவளத்திட்டில் கட்டுக்கடங்காமல் பெருகியது. கி.மீ. கணக்கில் பவளம் செத்தது. இது மனிதன் செய்த கோளாறா, அல்லது கடலில் எப்போதும் நடக்கும் ஏற்ற இறக்கமா என்று விஞ்ஞானிகள் ஆண்டுக்கணக்கில் சண்டை போட்டார்கள். கென்யாவில் மீன் அதிகம் பிடிக்கப்பட்ட திட்டுகளில் இந்த நத்தை கூடுதலாக இருந்தது. நத்தை தின்னும் மீன்களை மனிதன் வாரிச் சென்றதால் நத்தைக்குக் கொண்டாட்டம் என்பது ஒரு கட்சி. நிங்கலூவில் சண்டை தீராததற்குக் காரணம் எளியது. பெருக்கத்துக்கு முன்பு அங்கே எத்தனை நத்தை இருந்தது என்று யாரும் எண்ணி வைத்திருக்கவில்லை.

பெங்களூருக்கும் கடலுக்கும் சம்பந்தமில்லை. ட்ருப்பெல்லா பவளத்திட்டின் சொந்தப் பிள்ளை. அகாட்டினா அழையாத விருந்தாளி. ஆனால் பிரச்சினை ஒன்றேதான். கூட்டம் பெருத்த பிறகுதான் எல்லோரும் எண்ணத் தொடங்குகிறார்கள். மழைக்காலத்தில் புகார் வரும், பத்திரிகையில் படம் வரும், ஜனவரியில் எல்லாம் மறந்துபோகும். நத்தை எப்போது ஏறுகிறது, எப்போது தானாகவே இறங்குகிறது என்று தெரியாதவரை, எந்த மருந்து வேலை செய்தது என்றும் தெரியாது. சரிகிற காலத்தில் எந்தப் பொடியைத் தூவினாலும் அது மகாமந்திரமாகத் தோன்றும்.

அவசரத்தில் செய்யும் வைத்தியம் எப்படி முடியும் என்பதற்குப் பசிபிக் தீவுகள் சாட்சி. ஆப்பிரிக்க நத்தையை ஒழிக்க 1955ல் ஹவாய்க்கு ஃபுளோரிடாவிலிருந்து ஓநாய் நத்தை வரவழைக்கப்பட்டது. மற்ற நத்தைகளை வேட்டையாடித் தின்னும் நத்தை அது. (பதிலுக்கு ஹவாய், 1966ல் அந்தச் சிறுவன் மூலம் ஃபுளோரிடாவுக்கு ஆப்பிரிக்க நத்தையை அனுப்பி வைத்தது.) ஓநாய் நத்தைக்கு ராட்சத நத்தை பெரிதாக ருசிக்கவில்லை. உள்ளூரின் சின்னஞ்சிறு மரநத்தைகள் ருசித்தன. 1977ல் பிரெஞ்சு பாலினேசியாவின் மூரியா தீவிலும் அதை விட்டார்கள். பத்தே ஆண்டுகளில் அந்தத் தீவுக்கே உரிய பார்ட்டுலா நத்தை இனங்கள் காட்டில் பூண்டோடு போயின. மிருகக்காட்சி சாலைகளில் பிழைத்திருந்த பார்ட்டுலாக்களை 2015 முதல் திரும்பக் கொண்டுபோய் விடுகிறார்கள். ஆப்பிரிக்க நத்தையை ஓநாய் நத்தை கட்டுப்படுத்தியது என்பதற்கு நல்ல ஆதாரம் எதுவும் கிடைக்கவில்லை.

இங்கே அப்படி வெளியிலிருந்து ஆள் பிடிக்க வேண்டிய அவசியமே இல்லை. செம்போத்து இந்த நத்தையை ஓட்டை உடைத்துத் தின்னும். பெருச்சாளியும் தின்னும். வாத்துக்கு குட்டி நத்தை என்றால் உயிர். சில மின்மினி இனங்களின் புழு நத்தைக்குள் தலையை விட்டுத் தின்றே வளர்கிறது. இலங்கையில் ஒரு நூற்றாண்டுக்கு முன்பே இதைக் கவனித்து எழுதியிருக்கிறார்கள். ஆனால் செம்போத்துக்குப் புதர் வேண்டும், மின்மினிக்கு இருட்டு வேண்டும். இரண்டுமே பெங்களூரில் அருகி வரும் சரக்கு.

ஆகவே மிஞ்சுவது கை. இரவில் அல்லது விடியற்காலையில் கையுறை மாட்டிக்கொண்டு பொறுக்குவது. ஈரச் சாக்கை மடித்துப் போட்டு உள்ளே பப்பாளி இலையோ முட்டைக்கோஸ் இலையோ வைத்தால் பகலில் அங்கே வந்து ஒண்டும். அள்ளிக் கெட்டியான உப்புக் கரைசலில் போட்டுப் பிறகு குழியில் புதைக்கலாம். உப்பை நேரே மண்ணில் கொட்டுகிறவர்கள் நத்தையோடு மண்ணையும் கொல்கிறார்கள். கேரளாவில் 2005க்குப் பிறகு இந்த நத்தை பெருகியபோது பீச்சியில் உள்ள கேரள வன ஆராய்ச்சி நிலையம் புகையிலைக் கஷாயமும் மயில்துத்தமும் கலந்து தெளிக்கச் சொன்னது. அது வேலை செய்கிறது. மயில்துத்தம் மீனுக்கு ஆகாது என்பதால் கிணறு, குளம் பக்கம் கொண்டுபோகக் கூடாது. கடையில் கிடைக்கும் மெட்டால்டிஹைட் உருண்டையும் கொல்லும். நாய் தின்றால் நாயையும் கொல்லும்.

கையுறை ஆடம்பரம் அல்ல. எலியின் நுரையீரல் ரத்தக் குழாய்களில் வாழும் ஒரு புழுவின் குஞ்சுகள் எலிப் புழுக்கை வழியாக நத்தைக்குள் போய் வளர்கின்றன. மனித உடலுக்குள் அவை வந்துவிட்டால் வழி தவறி மூளைக்குப் போகின்றன. கடும் தலைவலி, கழுத்து விறைப்பு, மூளைச் சவ்வு அழற்சி. கேரளத்தில் இந்த நோயாளிகள் பதிவாகியிருக்கிறார்கள். எல்லா நத்தையிலும் புழு இருக்காது. ஆனாலும் நத்தை ஊர்ந்த கீரையை அலசாமல் பச்சையாகச் சாப்பிடுவதும், குழந்தை அதை விளையாட்டுச் சாமானாக எடுப்பதும் தேவையில்லாத சூதாட்டம். பொறுக்கும் வேலையைப் பள்ளிப் பிள்ளைகளிடம் விடுவதாக இருந்தால் இடுக்கியும் சோப்பும் கூடவே வேண்டும்.

கொல்வதிலும் ஒரு நிதானம் தேவை. பயத்தில் மக்கள் எல்லா நத்தையையும் நசுக்குகிறார்கள். பெங்களூர்த் தோட்டங்களில் மண்ணின் சொந்த நத்தைகளும் இருக்கின்றன. சின்னவை, ஓடு தட்டையாக உருண்டு சுருண்டிருக்கும். ராட்சதனின் ஓடு நீண்ட கூம்பு, நெடுக்கில் பழுப்புத் தீற்றல். ஒரு தடவை பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பிறகு குழப்பம் வராது. தின்னும் இடத்திலும் ஒளியும் இடத்திலும் உள்ளூர் நத்தைகளை ஏற்கெனவே அது நெருக்கித் தள்ளிக்கொண்டிருக்கிறது.

எல்லாவற்றையும்விட முக்கியம் நாள் பார்ப்பது. ஜூலையில் கொன்ற நத்தை அநேகமாக முட்டையிட்டு முடித்த நத்தை. இரண்டு அங்குல ஆழத்தில் அடுத்த தலைமுறை பொரிக்கக் காத்திருக்கும். பிப்ரவரி, மார்ச்சில் தொட்டிகளைப் புரட்டி, செங்கல் அடுக்கைக் கலைத்து, எருக்குழி ஓரத்தைக் கிளறினால் வாயை அடைத்துக்கொண்டு தூங்குகிறவை கையோடு கிடைக்கும். அவற்றில் ஒவ்வொன்றும் இன்னும் இடாத முட்டைகளோடு போகிறது. மழைக்காலத்தில் ஒரு மாதம் பொறுக்குவதைவிடக் கோடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அதிகப் பலன் தரும். ஒரு வீடு மட்டும் செய்தால் போதாது. பக்கத்து வீட்டுக்காரரின் காலி மனை அடுத்த மழைக்கு நத்தை அனுப்பிவைக்கும். எத்தனை கிடைத்தன என்று ஒரு நோட்டில் குறித்துவைத்தால், நிங்கலூவில் இல்லாமல் போன கணக்கு பெங்களூரில் ஒரு தெருவுக்காவது இருக்கும்.

ஏட்ரீ ஆய்வில் பெங்களூர்க்காரர்கள் கவனிக்காமல் தாண்டிவிடக்கூடிய ஓர் இடம் உண்டு. பருவநிலை மாறும்போது இந்த நத்தை எளிதில் காலூன்றக்கூடிய பகுதிகளில் லட்சத்தீவுகளையும் அது குறிப்பிடுகிறது. பவளத்தின் மேல் உருவான தீவுகள். நத்தைக்கு வேண்டிய சுண்ணாம்புக்கு அங்கே பஞ்சமே இல்லை. நடுவில் கடல் இருக்கிறது. ஆனால் மொரீஷியஸுக்கும் கல்கத்தாவுக்கும் நடுவிலும் கடல்தான் இருந்தது. தொட்டிச் செடிகள் ஏற்றிய வண்டிகள் தினமும் பெங்களூரிலிருந்து நாலா திசையிலும் கிளம்புகின்றன. ஏற்றுவதற்கு முன்பு தொட்டியைக் கவிழ்த்து அடிமண்ணைப் பார்க்க ஒரு நிமிடம் ஆகும்.